பூனைகளை வரைந்த பெருமாட்டி

பூனையை வரைவது வெறும் பொழுதுபோக்கு என்றே நானும் எண்ணியிருந்தேன். ஹென்ரியெட் ரோன்னர்-க்னிப் அம்மையாரின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றியது.

1821இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை பார்வையிழந்த ஓவியர். மகளின் கண்களாவது பிழைக்கட்டுமென்று, நண்பகலில் இரண்டு மணி நேரம் அவரை இருட்டறையில் அமர்த்துவாராம். 1850இல் மணமாகிப் பிரஸ்ஸல்ஸில் குடியேறினார். கணவர் நோயாளி, பிள்ளைகள் அறுவர், தூரிகைதான் குடும்பத்துக்குச் சோறிட்டது. வண்டியிழுக்கும் நாய்களை முதலில் வரைந்தார். 1870ஐ ஒட்டிப் பூனைகளிடம் திரும்பினார். கண்ணாடி முகப்புள்ள பெட்டியில் குட்டிகளை விளையாடவிட்டு, பொறுமையாகக் கவனித்து வரைந்தார். வசதியுள்ள வீடுகளின் மெத்தைகளில் அக்குட்டிகள் புரளும் ஓவியங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. 1909இல் மறைந்தார்.

நண்பர்களே, நுண்ணோக்கியின்முன் நான் பொறுமையிழக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் என் நினைவுக்கு வருகிறது.