சிரிப்பு நடிகர் சந்திரபாபு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தருவைகுளத்தில் ஒரு மீனவர் வீடு. பூசைக்குப் போய் வந்தாயிற்று. சாப்பாடும் முடிந்தது. தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. மெலிந்த மனிதர் ஒருவர் துள்ளுகிறார், விழுகிறார், எழுகிறார். வீட்டிலுள்ள ஆச்சி சிரிக்கிறார். அவர் மடியில் இருக்கும் பேரனும் சிரிக்கிறான். இந்தக் காலத்து நகைச்சுவையை ஆச்சிக்குப் பிடிக்காது. ஆச்சி காலத்துப் படம் பேரனுக்குப் பிடிக்காது. ஆனால் இந்த ஒருவர் விஷயத்தில் இருவருக்கும் சண்டை இல்லை.

அவர்தான் சந்திரபாபு. தருவைகுளத்துக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கும் தூத்துக்குடியில் பிறந்தவர். பரதவர் குலத்துப் பிள்ளை.

பெயர் வந்த கதை

சந்திரபாபு 1927-ம் ஆண்டு பிறந்தார். குழந்தையாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் கண்டது. பிழைப்பது அரிது என்று பெற்றோர் பயந்தார்கள். பிழைத்துக் கொண்டார். கடவுள் போட்ட பிச்சை என்று சொல்லி, ஜோசப் பிச்சை என்று பெயரிட்டார்கள். தூத்துக்குடி பனிமய மாதாவின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தது. வீட்டில் பாபு என்று அழைத்தார்கள். பரதவர்கள் தங்களைச் சந்திர குலம் என்று சொல்லிக் கொள்வது உண்டு. அதனால் பிற்பாடு அவர் சந்திரபாபு ஆனார்.

தகப்பனார் ரோட்ரிக்ஸ் காங்கிரஸ்காரர். "சுதந்திர வீரன்" என்ற பத்திரிகையை நடத்தினார். வெள்ளைக்கார அரசாங்கம் சும்மா இருக்குமா? பத்திரிகை பறிபோனது. அவர் சிறைக்குப் போனார். பிறகு குடும்பமே கொழும்புக்குப் போக நேர்ந்தது. சந்திரபாபு அங்கேதான் படித்தார். மேல்நாட்டுப் பாட்டும் ஆட்டமும் அவருக்கு அங்கே பழக்கமாயின. 1943-ல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது.

பசியும் பட்டினியும்

1947-ல் "தன அமராவதி" படத்தில் தலை காட்டினார். அதன் பிறகு சொல்லிக் கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஸ்டூடியோ வாசலில் நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். 1952-ல் மனம் உடைந்து, ஜெமினி ஸ்டூடியோவில் விஷம் சாப்பிட்டு விட்டார். உயிர் தப்பினார். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. விசாரணையின்போது அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையைச் சுட்டுக் கொண்டதாகவும், கை சுடுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, மனம் சுடுவது யாருக்கும் தெரியவில்லை என்ற பொருளில் பேசியதாகவும் சொல்வார்கள். ஜெமினி முதலாளி எஸ்.எஸ்.வாசன் அதே ஆண்டில் "மூன்று பிள்ளைகள்" படத்தில் அவருக்கு வேஷம் கொடுத்தார்.

பிறகு ஏறுமுகம்தான். குரலைத் தொண்டைக்கும் உச்சிக்கும் மாற்றி மாற்றிப் பாடும் மேல்நாட்டு முறையைத் தமிழ்ப் பாட்டில் பரவச் செய்தவர் அவர். 1954-ல் வந்த "பெண்" படத்தில் எஸ்.பாலசந்தருக்குப் பின்னணியும் பாடினார்.

ரிக்க்ஷாக்காரர்

1958-ல் "சபாஷ் மீனா" வந்தது. சிவாஜி கணேசனோடு சந்திரபாபு நடித்தார். அவருக்கு இரண்டு வேஷம். ஒன்று ரிக்க்ஷாக்காரர் வேஷம். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்த மனிதர், சென்னைப் பாஷையை அச்சு அசலாகப் பேசினார். கேட்டவர்கள் அவரைத் தங்கள் பேட்டைக்காரர் என்றே நினைத்தார்கள். அவர் நடித்ததிலே இதுதான் உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். இந்தியில் இந்தப் படம் "தில் தேரா தீவானா" என்ற பெயரில் 1962-ல் வந்தபோது, சந்திரபாபு செய்ததை மெஹ்மூத் செய்தார். அதற்காக அவருக்குப் பிலிம்பேர் பரிசே கிடைத்தது!

அடுத்த ஆண்டு "சகோதரி". ஏவி.எம். எடுத்த படம். எடுத்து முடித்த பிறகு, படத்தில் விறுவிறுப்புப் போதவில்லை என்று மெய்யப்பச் செட்டியாருக்குத் தோன்றியது. சந்திரபாபுவைக் கூப்பிட்டார். பால்காரர் வேஷம் ஒன்று தயாராயிற்று. தனியாக எடுத்துப் படத்தின் நடுவே சேர்த்தார்கள். படம் ஓடியது. கதையை மறந்தவர்கள் கூட பால்காரரை மறக்கவில்லை. டிக்கெட் வாங்கி உட்காருகிறவர் எந்த இடத்தில் கொட்டாவி விடுவார், எந்த இடத்தில் சிரிப்பார் என்பது சந்திரபாபுவுக்கு அத்துபடி.

சொந்தக் கணக்கு

அப்படிப்பட்டவர் தன் விஷயத்தில் கணக்குத் தவறினார். கவிஞர் கண்ணதாசன் 1960-ல் எடுத்த "கவலை இல்லாத மனிதன்" படத்தில் கதாநாயகனாக நடித்தார். படம் தோற்றது. கவலையும் கடனும் கண்ணதாசனுக்கு வந்தன. படப்பிடிப்புக்குச் சந்திரபாபு ஒழுங்காக வரவில்லை என்று கவிஞருக்கு வருத்தம் உண்டு. அது நியாயமான வருத்தம்தான்.

பிறகு தாமே டைரக்டர் ஆக ஆசைப்பட்டார். எம்.ஜி.ஆரை வைத்து "மாடி வீட்டு ஏழை" படத்தைத் தொடங்கினார். கொஞ்சம் எடுத்ததோடு அது நின்று போயிற்று. போட்ட பணம் போனது. 1966-ல் "தட்டுங்கள் திறக்கப்படும்" படத்தை அவரே டைரக்ட் செய்து, அவரே நடித்தார். ஜனங்கள் வரவில்லை. அவரிடம் ஜனங்கள் கேட்டது சிரிப்பு. அவர் கொடுக்க விரும்பியது வேறு.

கல்யாணமும் நிலைக்கவில்லை. மாடி வரை கார் ஏறும்படி அவர் கட்டத் தொடங்கிய பெரிய வீடும் கைவிட்டுப் போனது. குடி அதிகமாயிற்று. சின்னச் சின்ன வேஷங்கள்தான் வந்தன. 1969-ல் எம்.ஜி.ஆரின் "அடிமைப் பெண்" படத்தில் நடித்தார். உடம்பு தளர்ந்து விட்டது.

1974-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி சந்திரபாபு காலமானார். அப்போது வயது 46. இசை அமைப்பாளர் எம்.எஸ்.விசுவநாதன் கடைசி வரை நண்பராக இருந்தார். பிறந்தது முத்துக்குளித்துறைக் கடலோரத்தில். அடக்கம் செய்தது சென்னையில்.