டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரை அறியாதார் கொங்குநாட்டில் அரியர். தீராப் பிணியென்று உள்ளூரிற் கைவிடப்பட்டாரைப் புகைவண்டியேற்றி அவ்வூர்க்குக் கொண்டுசெல்லுதல் நம்மவர்க்கு நெடுநாள் வழக்கம். அக்கல்லூரியிற் பயின்று, அங்கேயே நோயாளியாய்க் கிடந்து, பின்னர் அங்கேயே பெருமருத்துவராய் விளங்கிய மேரி வர்கீஸ் அம்மையாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1925-ஆம் ஆண்டு கொச்சிச் சீமையிலுள்ள செராயி என்னும் கடற்கரையூரிற் கிறித்தவக் குடும்பமொன்றில் தோன்றினார். 1946-இல் வேலூர் புகுந்து, மருத்துவப் பட்டம் பெற்று, மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சியடைய விழைந்திருந்தார். 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் தோழர் சிலரோடு உலாப்போந்தபோது, பேருந்தொன்றை முந்த முயன்ற அவர்தம் வண்டி சாலையோரத்து மைல்கல்லில் மோதி உருண்டது. முகம் சிதைந்தது, முதுகெலும்பு முறிந்து, அதனுள் ஓடும் தண்டுவடமும் கெட்டது. இடுப்பிற்குக் கீழ் உணர்வும் அசைவும் ஒருங்கே அற்றன. அப்பொழுது அவர்க்கு அகவை 28.

மூளையின் கட்டளை கால்களுக்குச் செல்வதும், கால்களின் உணர்ச்சி மூளைக்கு மீள்வதும் தண்டுவடத்தின் வழியாகவே. எலும்பு முறிந்தாற் கூடும். தண்டுவடம் அறுந்தாற் கூடாது. இக்காலத்தும் ஆராய்ச்சியாளர் அதனை மீள வளர்க்க முயன்றுவருகின்றனரேயன்றி, முற்றத் தீர்க்கும் மருந்து கண்டாரில்லை. ஆனால் முற்காலத்தில் இந்நோயாளரைக் கொன்றது பெரும்பாலும் அம்முறிவன்று. உணர்வற்ற உடல் ஒருபுறமாகவே கிடத்தலால் உண்டாகும் படுக்கைப் புண்ணும், சிறுநீர் தேங்குதலாற் சிறுநீரகத்தைப் பற்றும் நச்சுமே அவரைக் கொன்றன. காலந்தவறாது புரட்டிப் படுக்கவைத்தலும் சிறுநீரை முறையாக வெளிப்படுத்தலும் உயிர்காக்கும் என்பதை, 1944 முதல் இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்பார் நிலைநாட்டினார். நம் நாட்டிலோ பனையேறியும் தென்னையேறியும் கிணறு தோண்டியும் வயிறு வளர்க்கும் எளியோர் தவறி வீழ்ந்து முதுகொடிந்தால், வீட்டுத் திண்ணையிற் கிடந்து மாய்வதே வழக்கமாயிருந்தது.

நிற்க. படுக்கையிற் கிடந்த அம்மையார்க்கு வழி காட்டியவர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். ஆங்கிலேயராயினும் அவர் 1914-இற் பிறந்தது நம் கொல்லிமலையில். ஓரியின் மலையிற் பிறந்தாரை நாம் உரிமை பாராட்டுதல் தவறாகாது. தொழுநோயால் நரம்பு பட்டு மடங்கிய விரல்களை, வலியுள்ள தசையின் நாணை வேறிடத்திற் பொருத்தி நிமிர்த்தும் அறுவையில் அவர் வல்லுநர். அவ்வறுவையை அமர்ந்தவாறே செய்யலாம். அதற்குக் கால்கள் வேண்டுவதில்லை. அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதனைக் கற்றார். கற்றுப் பலருடைய கைகளைத் திருத்தினார். கால் வழங்காத மருத்துவர் கை வழங்காதார்க்குக் கை கொடுத்த காட்சியை எண்ணுந்தொறும் உள்ளம் உருகுகின்றது.

எனினும், அவர் அதனோடு அமையாமையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அறுவையிற் பெயர்பெற்ற பின்னரும், தம்மைப்போல் முதுகொடிந்தார்க்கு இந்நாட்டில் இடமில்லாமை அவர் நெஞ்சை அறுத்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிற் பிறர் துணையின்றி இயங்கப் பழகியிருந்தார். பின்பு நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். மீண்டுவந்து 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் நோயாளர் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம், இந்தியாவில் முதன்முதலாக, வேலூரையடுத்த பாகாயத்தில் எழுந்தது.

அங்கே கற்பிப்பன மிகச் சிறியன: கட்டிலினின்று நாற்காலிக்குத் தாவுதல், புண் வாராமற் காத்தல், கவசமும் ஊன்றுகோலும் கொண்டு நிற்றல், இருந்தே செய்யுந் தொழிலொன்று பழகுதல். இச்சிறியவற்றை அறியாமையாலன்றோ முன்னர் மாண்டார் பலர்! அவற்றை ஏட்டிற் படித்தவராக மட்டுமன்றி, நாடோறும் தம் உடம்பிற் செய்பவராகவும் அம்மையார் கற்பித்தார்.

1972-இல் அரசினர் அவர்க்குப் பத்மஸ்ரீ விருதளித்தனர். விபத்து நேர்ந்தபின் ஏறத்தாழ 33 ஆண்டுகள் வாழ்ந்து, 1986-ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்கையெய்தினார். அந்நிலையத்திற் பயின்று ஊர் திரும்பினோர் நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களிலும் மீண்டுவந்து கூடி, விளையாடி மகிழும் விழாவொன்று வேலூரிற் பல்லாண்டுகளாக நிகழ்ந்துவந்துள்ளது.