63 வயதில் மலையேறிய வேட்டைக்காரர்

பாசிர் கூடாங் இன்று துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் ஆலைப் புகைபோக்கிகளுமாக நிற்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் பால்மரமும் செம்பனையுமாக இருந்ததை நம்ம பெரியவர்கள் மறக்கவில்லை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா சுமந்து ஸ்டோருக்கு நடந்த கால்கள் அவர்களுடையவை. அதே ஆள் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டி, கூட்டாளிகளோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனால் முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த வாரம் வேட்டை என்றால் இந்த வாரம் நாலு நாள் ஓடிப் பழகினால் போதும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நாலு நாள் ஓட்டத்தில் உடம்பு வந்துவிடுமா? வராது. அதற்குச் சாட்சியாக ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் பெயர் ஜிம் கார்பெட். 1875 ஜூலை 25-ம் தேதி வட இந்தியாவின் மலை நகரமான நைனிடாலில் பிறந்தவர். வெள்ளைக்காரர்தான், ஆனால் பெரிய துரை வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா அந்த ஊர்த் தபால் நிலைய அதிகாரி. ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன்னே அவர் கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தைத் தாயும் மூத்த அண்ணனும் தூக்கி நிறுத்தினார்கள். குளிர்காலத்தில் குடும்பம் மலையை விட்டு இறங்கி, காலாடுங்கி என்ற காட்டோர ஊருக்கு வந்துவிடும். அங்கேதான் பையன் கவட்டை, வில், பிறகு ஒரு குழல் பிளந்துபோன பழைய துப்பாக்கி என்று படிப்படியாகப் பழகினான். காட்டுத் தடம் பார்ப்பதும், மிருகங்களின் குரலைக் கேட்டு அதேபோல் கத்துவதும் அந்த வயதில் வந்த பாடம்.

இருபது வயதை ஒட்டி ரயில்வே வேலைக்குப் போனார். கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடம். அகலப்பாதை ரயிலில் வரும் சரக்கை இறக்கி, குறுகிய பாதை ரயிலில் ஏற்ற வேண்டும். அந்தக் காண்டிராக்டை எடுத்தார் கார்பெட். நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற காண்டிராக்டர் இல்லை அவர். நிலக்கரி குவிந்து கிடந்தபோது தாமே மண்வாரி பிடித்துத் தொழிலாளரோடு தொழிலாளராகக் கூடையை நிரப்பினார். ரயில்வே பணம் வரத் தாமதமாகி ஆட்கள் அரைப்பட்டினி கிடந்த நாட்களில் அவரும் வயிற்றைக் கட்டிக்கொண்டார். இப்படி இருபது வருஷம். அவர் உடம்பை வளர்த்தது வேட்டை மட்டுமல்ல, அந்த உழைப்பும்தான்.

1914-ல் உலகப் போர் மூண்டதும் பட்டாளத்தில் சேரப் போனார். வயது அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை! 1917-ல் அதே அரசாங்கம் அவரைக் கூப்பிட்டது. குமாவுன் மலை ஜனங்களில் 500 பேரைத் தொழிலாளர் படையாகத் திரட்டிப் பிரான்சு நாட்டுக்கு அழைத்துப் போனார்.

1907-ல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேப்பாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றது என்று கணக்கு. அப்போது அவர் முப்பதைத் தாண்டிய இளவட்டம். அவருடைய பேர்போன வேட்டைகளில் பல அதற்குப் பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் நடந்தவை. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ருத்ரபிரயாக் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைத் தின்றது. கேதார்நாத், பத்ரிநாத் போகிற யாத்திரிகர்கள் இருட்டினால் வெளியே தலை நீட்டவில்லை. கார்பெட் குலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தில் இரவு இரவாக, பத்து இரவுக்கு மேல் உட்கார்ந்தார். 1926 மே 2-ம் தேதி இரவு அதைச் சுட்டார். கீழே கிடந்தது பல் தேய்ந்த கிழட்டுச் சிறுத்தை.

சௌகட் பெண்புலியும் அப்படித்தான்; நகம் உடைந்து, பல் தேய்ந்து போனது. மானை விரட்டச் சக்தி இல்லாத புலி, ஓட முடியாத மனிதனைப் பிடிக்கிறது. மூப்பும் காயமும் புலியை ஆட்கொல்லியாக்கின. அதைத் தேடிப் போனவரும் முதுமையை நெருங்கிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அவர் உடம்பை விட்டுவிடவில்லை.

1930 ஏப்ரல் 11. கார்பெட்டுக்கு 54 வயது. மெல்லிய ரப்பர் அடி வைத்த செருப்பு, சத்தமில்லாத நடை. வழியில் எடுத்த இரண்டு பறவை முட்டைகள் இடது கையில், இலேசான துப்பாக்கி வலது கையில். ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பிப் பார்க்கிறார், எட்டடி தூரத்தில் புலி! வேகமாக அசைந்தால் பாயும். ஒற்றைக் கையாலேயே துப்பாக்கியை, அசைவது தெரியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுட்டார். தோள் நடுங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தாலும் முடிந்திருக்கும். வயசுக்குத் தக்க ஆயுதம் வேண்டும் என்பதும் இதில் ஒரு பாடம்.

கடைசி ஆட்கொல்லி, தாக் கிராமத்துப் பெண்புலி. 1938, வயது 63. மலைச்சரிவில் நாள்தோறும் ஏறி இறங்கினார். எத்தனை உபாயம் செய்தும் புலி சிக்கவில்லை. நவம்பர் 30-ம் தேதி, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், ஆண்புலி போலக் குரல் கொடுத்து அதை அழைத்தார். பதில் குரல் கொடுத்துக்கொண்டே வந்தது. சுட்டு வீழ்த்தினார். சின்ன வயதில் காலாடுங்கியில் பழகிய குரல், அறுபத்து மூன்றில் கைகொடுத்தது.

அதன்பின் ஆட்கொல்லி வேட்டையை நிறுத்திக்கொண்டார். அதற்கு முன்பே விளையாட்டுக்காகப் புலி சுடுவதை விட்டு, காமிராவைத் தூக்கியவர் அவர்.

இரண்டாம் உலகப் போரில் கடும் காய்ச்சலில் விழுந்து எலும்பும் தோலுமானார். இனி எழுந்து நடப்பாரா என்று டாக்டர்கள் அஞ்சினார்கள். எழுந்தார். 1944-ல், 68 வயதில், பர்மா போர்முனைக்குப் போகும் சிப்பாய்களுக்குக் காட்டில் பிழைக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். 1947-ல் அக்காள் மேகியோடு கென்யாவுக்குக் குடியேறி, 1955 ஏப்ரல் 19-ல் மாரடைப்பில் காலமானார். வயது 79. சிகரெட் பிடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

நம்ம நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1968-ல் ஓர் அறிஞர் இந்தோசீனப் புலி இனத்துக்கு கார்பெட்டின் பெயரைச் சூட்டினார். 2004 வரை மலாயாப் புலியும் அந்தப் பெயரில்தான் சேர்ந்திருந்தது. அந்தப் புலி இன்று நம்ம காடுகளில் 150-க்கும் குறைவு. அதைச் சுடுவது பெருங்குற்றம். காட்டுப்பன்றிக்கும் பெர்ஹிலித்தான் லைசென்ஸ் வேண்டும். பன்றிக்கு என்று கம்பிச் சுருக்கு வைத்தால் அதில் புலியும் மாட்டிச் சாகும், அதுவும் சட்டவிரோதம்.

ஐயாமார்களே, நீங்கள் வேட்டைக்குப் போகாவிட்டாலும் இந்தக் கதை உங்களுக்குத்தான். கார்பெட் சீசனுக்காக உடம்பைத் தயார் பண்ணவில்லை. நடையை அவர் விடவே இல்லை. வேலை ஓய்ந்ததும் நாம் நடையை நிறுத்திவிடுகிறோம். அங்கேதான் கோளாறு. தினமும் விடியலில் அரை மணி நடங்கள். சில வாரம் கழித்து மேடு ஏறுங்கள். பிறகு கொஞ்சம் சுமையோடு ஏறுங்கள். அதற்கும் முன்னால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்பில் வலி கண்டால் வீராப்பு வேண்டாம். அங்கேயே நின்று உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

காட்டுக்குள் போகிற கால், வீட்டுக்கும் திரும்பி வர வேண்டுமல்லவா?