ஆபிரகாம் வால்டு

நீலகிரியில் கட்டபெட்டு என்னும் சிற்றூரினின்று கோத்தகிரிக்குச் செல்லும் வழியில் தேயிலைத் தோட்டங்கள் கண்ணுக்கு விருந்தளிக்கும். கோத்தகிரிக்கும் அப்பால் ரங்கசாமி மலை உயர்ந்து நிற்கின்றது. அதன் அருகே செங்குத்தாக எழுந்துள்ள பாறையை ரங்கசாமித் தூண் என்பர். உலகம் போற்றிய கணித அறிஞர் ஒருவரின் வாழ்வு அம்மலைப் பகுதியில் முடிவுற்றது. அவரே ஆபிரகாம் வால்டு.

வால்டு 1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் குளூஜ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகர் அன்று ஹங்கேரியையும் இன்று ருமேனியாவையும் சார்ந்தது. யூதர்க்கு ஓய்வுநாளாகிய சனிக்கிழமையிலும் பள்ளி நடைபெற்றமையால், அவர் வீட்டிலேயே கல்வி கற்றார். பின்னர் வியன்னா பல்கலைக்கழகத்தில் பயின்று 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும், யூதர் என்பதனால் அங்கு அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றவே, வால்டு அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். ஐரோப்பாவில் தங்கிய அவருடைய உற்றாருள் பெரும்பாலோர் நாஜிகளால் மாண்டனர்.

இரண்டாம் உலகப் போரின்போது, எதிரியின் குண்டுகளால் துளைக்கப்பட்டுத் திரும்பிய விமானங்களைப் பற்றி அவர் ஆராய்ந்தார். துளைகள் மிகுந்த பகுதிக்கே கவசம் வேண்டும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. துளைபட்டும் திரும்பிய விமானம், அப்பகுதியில் அடிபட்டாலும் பறக்கலாம் என்பதையே காட்டுகின்றது. உயிர்நிலையில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை. ஆகவே, திரும்பாத விமானங்களையும் கணக்கில் கொள்ளும் முறையை வால்டு வகுத்தார்.

1950இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று, சொற்பொழிவுகள் ஆற்ற அவர் நம் நாட்டிற்கு வந்தார். டிசம்பர் 13ஆம் நாள் அவர் சென்ற விமானம் ரங்கசாமித் தூண் அருகே விழுந்து நொறுங்கியது. அவரும் அவர்தம் துணைவியாரும் உயிர் நீத்தனர். அப்போது அவருக்கு வயது 48.

மலைகளின்மீது விமானம் செலுத்துவோர், வழியிலுள்ள சிகரங்களினும் போதிய அளவு உயரத்தில் பறத்தல் வேண்டும். முகில் மூடிய கணவாயில் புகுதல் ஆகாது. திரும்புதற்கு இடமுள்ளபோதே திரும்புதல் வேண்டும். ஒருமுறை விதியை மீறித் தப்பியவன் அதனையே துணிவாகக் கொள்ளுதல் பேதைமை. தப்பியவர் பேசுவர், வீழ்ந்தவர் பேசார். பேசாதவரிடமும் பாடம் கற்க வேண்டும் என்பதே வால்டு நமக்கு விட்டுச்சென்ற அறிவுச் செல்வமாகும்.