ஒரு பிள்ளைக்கு ஒரு அணா! மாநகராட்சியில் 40 வருஷம் மனு கேட்ட வெள்ளுடை மனிதர்

சென்னையில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் தி.நகர் பஸ்சில் ஏறி இறங்குகிறார்கள். துணிக்கடைக்குப் போகிறார்கள், நகைக்கடைக்குப் போகிறார்கள். அந்தத் "தி" யார் என்று நின்று யோசிக்க யாருக்கும் நேரம் இல்லை.

அவர்தான் சர் பிட்டி தியாகராயர்.

நீதிக்கட்சித் தலைவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அவர் ஆயுசில் பெரும்பகுதி போனது அரசியல் மேடையில் அல்ல, சென்னை மாநகராட்சியில்! குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவில் விளக்கு இல்லை என்று ஜனங்கள் கொண்டுவந்த மனுக்களோடுதான் அவர் 40 வருஷம் மல்லுக்கட்டினார்.

நெசவுக் குடும்பம்

தியாகராயர் பிறந்தது 1852-ல். தேவாங்கர் சமூகத்து நெசவுக் குடும்பம். வீட்டில் பேச்சு தெலுங்கு. நெசவு, தோல் வியாபாரம் என்று கை நிறையச் சொத்து. பி.ஏ. வரை படித்தார். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவருக்குச் சர்க்கார் உத்தியோகம் வீடு தேடி வரும். அவர் அதற்குப் போகவில்லை. தொழிலைப் பார்த்துக்கொண்டார். தென்னிந்திய வர்த்தக சபையை உண்டாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1882-ல் மாநகராட்சிக்குள் காலடி வைத்தார். அப்போது வயசு 30. அதன்பிறகு அந்த மன்றமே அவருக்கு இன்னொரு வீடு ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வரவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு.

ரிப்பன் மாளிகை அப்போது கட்டப்படவில்லை. மாநகராட்சி ஆபீஸ் எர்ரபாலு செட்டித் தெருவில் நடந்தது. 1913-ல்தான் இப்போதுள்ள வெள்ளைக் கட்டடத்துக்குக் குடிபோனார்கள்.

கடைசிக் கையெழுத்து யாருக்கு?

அந்த மன்றத்தில் ஒரு மனு நகர்வது லேசான காரியம் இல்லை.

தெரு ஜனங்கள் கூடி மனு எழுதுவார்கள். பகுதி மெம்பரிடம் கொடுப்பார்கள். அவர் மன்றத்தில் எடுத்துப் பேசவேண்டும். கமிட்டி பார்க்கவேண்டும். ஓட்டெடுப்பில் ஜெயிக்கவேண்டும். பணம் சம்பந்தப்பட்ட பெரிய காரியம் என்றால் கோட்டையில் இருந்தும் சம்மதம் வரவேண்டும்.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. மாநகராட்சித் தலைவர் நாற்காலியில் வெள்ளைக்கார அதிகாரிதான் உட்கார்ந்திருப்பார். ஜனங்களுக்குத் தெரிந்த மெம்பர்கள் தொண்டை வறளப் பேசலாம். நிர்வாகம் அதிகாரி கையில்!

ஓட்டு உரிமையும் எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிற வசதி உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. குடிசையில் இருப்பவன் மனு கொடுக்கலாம், மெம்பரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

குளத்தில் வந்த சண்டை

அந்தக் காலத்து மனுக்களில் தண்ணீர் மனுதான் தலைவலி. 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. ஆனால் வடிகட்டாத தண்ணீர். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்த பிறகுதான் வடிகட்டிய தண்ணீர் குழாயில் வந்தது.

தண்ணீர் பெரிய மனிதர்களையும் பிரித்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் குளத்துத் தண்ணீர் விவகாரம் மன்றத்தில் வந்தபோது, தியாகராயருக்கும் டாக்டர் டி.எம்.நாயருக்கும் முட்டிக்கொண்டது. நாயர் அந்தப் பகுதியின் மெம்பர், விட்டுக்கொடுக்காத பேச்சுக்காரர். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக ஆகிவிட்டார்கள்.

பிரிந்தவர்களை ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் சி.நடேச முதலியார். 1916-ல் மூவரும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் நீதிக்கட்சி. குளத்தில் முளைத்த பகை தீராமல் இருந்திருந்தால் தமிழ்நாட்டு அரசியலே வேறு பாதையில் போயிருக்கும்!

நாற்காலி கிடைத்தது

1919-ல் சென்னை மாநகராட்சிக்குப் புதுச் சட்டம் வந்தது. தலைவரை மெம்பர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் தியாகராயர். மேயர் என்ற பட்டம் 1933-ல்தான் வந்தது. அதனால் அவருக்கு மேயர் என்ற பேர் இல்லை, வேலை அதுதான்.

1920 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்தது. மந்திரிசபை அமைக்கும்படி கவர்னர் வில்லிங்டன் பிரபு தியாகராயரைத்தான் அழைத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். மாகாணத்தையே தூக்கிக் கொடுத்தும் வாங்காத மனிதர், மாநகராட்சி நாற்காலியை மட்டும் விடவில்லை.

ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடம்

அதே 1920-ம் வருஷம். செப்டம்பர் மாதம். மன்றத்துக்கு ஒரு சின்ன விஷயம் வந்தது.

ஆயிரம் விளக்கில் மாநகராட்சி நடத்திய பள்ளிக்கூடம். படிக்க வந்தவை ஏழை வீட்டுப் பிள்ளைகள். பசியோடு வரும் பிள்ளை எத்தனை நாள் வரும்? வருகைப் பதிவேட்டில் தலை குறைந்துகொண்டே போனது.

வறுமையால்தான் பள்ளிக்கூடம் காலியாகிறது என்று தலைவர் தியாகராயர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானம் ஆனது.

ஒரு அணா! பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய்.

அந்தப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தாளுக்குப் பெரும்பாலும் ஓட்டு இல்லை. அவர்களுக்குச் சோறு போட்டு யாருக்கும் ஒரு ஓட்டும் விழப்போவதில்லை. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

திட்டம் இன்னும் நாலு பள்ளிக்கூடங்களுக்குப் பரவியது. 1922-23-ல் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் 811. 1924-25-ல் 1,671. ஒரு அணா வீதம் கணக்குப் போட்டாலும் ஒரு நாள் செலவு 104 ரூபாய் 7 அணாதான்.

மேலிடத்தில் விழுந்த கத்தரி

அந்தச் செலவும் மேலிடத்துக்கு உறுத்தியது. ஆரம்பக் கல்வி நிதியில் இருந்து சாப்பாட்டுக்குப் பணம் எடுக்கக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. அப்போது மாகாணத்தில் மந்திரிசபை நடத்தியது வேறு யாரும் இல்லை, தியாகராயரின் சொந்தக் கட்சிதான்!

அடுப்பு அணைந்ததும் பிள்ளைகளும் குறைந்தார்கள். பிறகு மன்றம் திரும்ப முயற்சி எடுத்துச் சில பள்ளிகளில் சாப்பாட்டைத் தொடங்கியது. ஆனால் அதைத் தொடங்கிய தியாகராயர் அதே 1925-ம் வருஷம் காலமாகிவிட்டார். அவருக்கு வயசு 73.

ஒரு கறை

அவர் கதையில் எல்லாமே வெள்ளை இல்லை. 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. ஆதி திராவிடர் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. மனு கேட்டுப் பழகிய தியாகராயரும் அவர் கட்சிப் பெரியவர்களும் அந்த ஜனங்கள் பக்கம் நிற்கவில்லை. மனம் வெறுத்த எம்.சி.ராஜா 1923-ல் கட்சியை விட்டே வெளியேறினார். ஆயிரம் விளக்குப் பிள்ளையின் பசி எட்டிய காதுக்குப் புளியந்தோப்பின் அழுகை எட்டவில்லை.

வெள்ளை உடை

தூய வெள்ளை உடைதான் அவருக்கு அடையாளம். 1922-ல் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது, தலைவருக்குரிய அங்கி போடாமல் வழக்கமான வெள்ளை உடையிலேயே போய் வரவேற்க அவருக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். வெள்ளுடை வேந்தர் என்ற பேர் நிலைத்துவிட்டது.

1920-களில் மாம்பலம் பெரிய ஏரி இருந்த இடத்தைத் தூர்த்து ஒரு புது ஊர் எழுப்பினார்கள். அதற்குத் தியாகராய நகர் என்று பேர் வைத்தார்கள். அங்கே உள்ள பனகல் பார்க், உஸ்மான் ரோடு எல்லாம் அவருடைய கட்சிக்காரர்கள் பேர்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரியும் தியாகராயர் பேரில் நடக்கிறது.

அணைந்த அடுப்பு?

1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் மதுரையில் தொடங்கியது. 102 வருஷத்துக்கு முன் ஆயிரம் விளக்கில் கேட்ட அதே கேள்விக்கு அரசாங்கமே பதில் சொன்னது.

ரிப்பன் மாளிகை வாசலில் தியாகராயர் சிலையாக நிற்கிறார். வரி, குப்பை, சாக்கடை, பிறப்புச் சான்றிதழ் என்று கையில் காகிதத்தோடு ஜனங்கள் அந்தச் சிலையைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள்.