முக்கோணம் சொல்லித் தந்த மூதாட்டி

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று கச்சிதமாக உட்காரும்வரை அரம் போட்டுத் தேய்த்தோமே! தப்பு என்று சார் வந்து சொல்ல வேண்டியதில்லை. உட்காராது, அவ்வளவுதான். இதே சங்கதியை மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுத்தவர்தான் டாக்டர் மரியா மாண்டிசோரி.

இத்தாலியில் 31.8.1870-ல் பிறந்தவர். நம்மைப் போலவே அவரும் டெக்னிக்கல் ஸ்கூல்காரர்! 13 வயதில் ரோம் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். இன்ஜினீயர் ஆகத்தான் ஆசை. பிறகு மனசு மாறி மருத்துவம் படித்து 1896-ல் டாக்டரானார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்தபோது, கை வழியாகவும் புத்தி விழிக்கும் என்று கண்டுகொண்டார்.

6.1.1907 அன்று ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறந்தார். அப்பா அம்மா வேலைக்குப் போனதும் சுவரைப் பாழாக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைகள்தான் மாணவர்கள். (எங்கள் கொடுங்கையூர்த் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.)

அவர் செய்த சாமான்களைக் கேளுங்கள். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து கனசதுரங்கள், கோபுரமாக அடுக்க. வட்டம், சதுரம், முக்கோணம் என்று மரச் சட்டத்தில் பதிந்த வடிவங்கள், நடுவில் ஒரு குமிழ். குழந்தை குமிழைப் பிடித்துத் துண்டை எடுக்கும், ஓரத்தை இரண்டு விரலால் தடவும், பள்ளத்தையும் தடவும், பிறகு பொருத்தும். தவறான துண்டு உள்ளே போகாது. பெயர் சொல்வது விரல் பழகிய பிறகுதான்.

1939-ல் ருக்மிணி தேவியும் கணவர் அருண்டேலும் அழைக்க, மகன் மரியோவுடன் அடையாறு வந்தார். சுமார் 300 பேருக்குப் பயிற்சி! 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். மகனை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மா அடையாறு வளாகத்தை விட்டு நகரக் கூடாது. அவரது 70-வது பிறந்த நாளில்தான் மகனை விடுவித்தது ஆங்கில அரசு. அப்புறம் கொடைக்கானல் வாசம். இடையில் ஐரோப்பா போய்வந்தது போக, 1949 வரை இங்கேதான் இருந்தார். 6.5.1952-ல் நெதர்லாந்தில் காலமானார்.

கூலிக்காரர் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த முறை, இன்று பெரும்பாலும் ஃபீஸ் கட்ட முடிந்தவர்களுக்கு என்று ஆகிவிட்டதே! அந்த ஆதங்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் கேட்டு, கார்பென்டரி ஷாப் கழிவுப் பலகையில் மூன்று வடிவம் அறுத்தேன். அக்கா பையனுக்கு நாலு வயசு. முதல் நாள் முக்கோணத்தை வட்டப் பள்ளத்தில் வைத்துக் குத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை (ரொம்பக் கஷ்டம் சாமி!). மூன்றாம் நாள் தானே பொருத்திவிட்டான். அதோடு விட்டானா? திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, முக்கோணம் மூணு மாதிரி உட்காருது, சதுரம் நாலு மாதிரி உட்காருது என்று எனக்கே பாடம் எடுத்தான். வட்டம் எத்தனை மாதிரிடா என்றேன். இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறான்.