பூனைக்குட்டியின் தந்தை

ஹதீஸ்களில் அபூஹுரைரா (ரலி) என்ற பெயரை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! அது பெற்றோர் வைத்த பெயரல்ல. தவ்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்த அவர்கள் வீட்டு ஆடுகளை மேய்த்த காலத்தில் ஒரு பூனைக்குட்டி வைத்திருந்தார்கள். இரவில் அதை மரத்தில் விட்டுவைப்பார்கள். பகலில் கூடவே கொண்டுபோய் விளையாடுவார்கள். அதனால் வீட்டார் சூட்டிய பெயர்தான், பூனைக்குட்டியின் தந்தை.

ஹிஜ்ரி 7இல், கைபர் போரின் சமயத்தில் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு இருந்தது சில ஆண்டுகளே. அறிவித்த ஹதீஸ்களோ 5374 என்று கணக்கிடுவார்கள். மற்றவர்கள் கடைவீதியிலும் தோட்டத்திலும் இருக்க, இவர்கள் திண்ணைத் தோழராகப் பள்ளியிலேயே கிடந்தார்கள். பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டினார்கள். மிம்பருக்கும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுந்தார்கள். பார்த்தவர்கள் பைத்தியம் என்று எண்ணிக் கழுத்தில் காலை வைத்தார்கள். பைத்தியமா அது? வெறும் பசி!

இப்போது யோசித்துப் பாருங்கள். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு தராமல், பூமியின் புழுபூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியை, இப்னு உமர் (ரலி) அவர்களைப் போலவே இவர்களும் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். பட்டினி கிடந்தவர் சொன்ன செய்தி அது.

உமர் (ரலி) ஆட்சியில் பஹ்ரைனுக்கு ஆளுநரானார்கள். பின்னாளில் சாயமிட்ட கத்தான் துணி உடுத்தியபோதும், மிம்பரருகே விழுந்து கிடந்த நாளைத்தான் சொல்லிக்காட்டினார்கள். அப்துர் ரஹ்மான் என்ற பெயர் இருந்தும் மக்கள் கடைசிவரை அழைத்தது அந்தப் பூனைக்குட்டியை வைத்துத்தான்.